ஒரே சம்பவம், மூன்று முடிவுகள்: பொறுப்பு யாருடையது என்பதை மன்றங்கள் எப்படித் தீர்மானிக்கின்றன?

தக்கலை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் தக்கலைப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் தம்பி நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 17 ஆண்டுகள் காசாளராக வேலை பார்த்தான். 2014ஆம் ஆண்டுத் தணிக்கையின்போது, நகைக்கடன் பெட்டகத்தில் இரண்டு நகைப் பைகள், மொத்தம் 11 பவுன், குறைவாக இருப்பது தெரியவந்தது. அந்தப் பெட்டகத்தை இரண்டு சாவிகள் போட்டால்தான் திறக்க முடியும். ஒரு சாவி செயலாளரிடமும் மற்றொன்று தம்பியிடமும் இருந்தன.

அந்த ஆண்டில் எங்கள் தாயார் நாகர்கோவிலில் மருத்துவமனையில் இருந்தபோது தம்பி மூன்று நாள் விடுப்பு எடுத்தான். போகும்போது சாவியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்கிறான். ஆனால் சாவிப் பதிவேட்டில் அதை எழுதவில்லை. சங்கம் நடத்திய உள்விசாரணையில் குற்றச்சாட்டு நிரூபணமானதாகக் கூறி 2016இல் அவனைப் பணிநீக்கம் செய்தார்கள். 2018இல் தண்டத்தீர்வை ஆணை வந்தது. காணாமற்போன நகைகளின் முழு மதிப்பையும் வட்டியோடு அவனே கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. 2021இல் குற்றவியல் நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. செயலாளருக்கு ஓர் ஊதிய உயர்வை நிறுத்தியதோடு முடித்துக்கொண்டார்கள். தண்டத்தீர்வைக்கு எதிரான மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நீதிமன்றமே குற்றமில்லை என்று சொன்ன பிறகும் என் தம்பி ஏன் குற்றவாளியாகவே நடமாட வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்காத ஒன்று. ஒரே நகை, ஒரே பெட்டகம், ஒரே மனிதன். மூன்று இடங்களில் மூன்று விதமான முடிவு எப்படி வர முடியும் என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் பொறுமையோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குழித்துறை வழக்கறிஞர்:

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த மூன்று இடங்களிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றம் கேட்டது, உங்கள் தம்பி அந்த நகையை நேர்மையற்ற எண்ணத்தோடு கையாடினாரா என்பது. அதை அரசுத் தரப்பு நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நகை அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதில் தொடங்கி ஒவ்வொரு கண்ணியும் உறுதியாக நிற்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் அவர் விடுதலை பெறுவார். உள்விசாரணையில் கேட்கப்பட்டது, அவர் தம் பணிக்கடமையில் தவறினாரா என்பது. அங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற நிகழ்தகவின் மேலோங்கல் போதுமானது. சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் அங்கே அப்படியே பொருந்துவதில்லை.

இதைத் தெளிவாக்கிய பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. 1977இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அரியானா பேருந்து நடத்துநர் வழக்கு அது. பறக்கும் படை பேருந்தைச் சோதித்தபோது சில பயணிகளிடம் சீட்டு இல்லை. அந்தப் பயணிகளில் ஒருவரைக்கூட விசாரணையில் சாட்சியாக அழைக்கவில்லை என்பது நடத்துநரின் வாதம். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. சோதனை செய்த அலுவலரின் சாட்சியம் இருக்கிறது, ஓரளவு சான்று இருந்தாலே உள்விசாரணை முடிவு நிற்கும் என்றார். சான்றே இல்லாவிட்டால்தான் நீதிமன்றம் தலையிடும்.

அதற்காக எதையும் சான்று என்று சொல்லிவிட முடியாது. 2008இல் ஒரு வங்கி ஊழியரின் வழக்கில், காவல்துறை சேகரித்த ஆவணங்களையும் காவல்துறையிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதலையும் மட்டும் கோப்பில் வைத்து, எவரும் சாட்சி சொல்லி அவற்றை மெய்ப்பிக்காமல், குற்றம் நிரூபணம் என்று எழுதியதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காகிதத்தைக் கோப்பில் சேர்ப்பது வேறு, அதை மெய்ப்பிப்பது வேறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது, தண்டத்தீர்வை. இது 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு. உங்கள் தம்பியைப் பொறுத்தவரை இங்கே எழும் கேள்வி, சங்கத்துக்கு ஏற்பட்ட இழப்பு அவருடைய நம்பிக்கைத் துரோகத்தாலோ அறிந்தே காட்டிய அலட்சியத்தாலோ விளைந்ததா என்பது. வெறும் கவனக்குறைவு இதற்குப் போதாது. பலரும் இந்த மூன்றாவதை இரண்டாவதன் வால் என்று எண்ணிக்கொண்டு கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இன்னும் திறந்திருக்கும் கதவு அதுதான் என்பதால், விசாரணையில் தம்பி என்ன சொன்னார், பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள்.

பழைய விசாரணை அலுவலர்:

நான் அரசுத் துறை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 17பி குறிப்பாணை, அதாவது பெருந்தண்டனைக்குரிய குற்றச்சாட்டுகள் அடங்கிய ஆணை, கொடுக்கப்பட்ட எத்தனையோ பேரின் விசாரணையை நடத்தியிருக்கிறேன். ஆசிரியர் ஐயாவின் மனம் புண்படக் கூடாது என்ற எண்ணத்தோடு, மறுபக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உள்விசாரணைக்கும் குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோலையே வைத்தால், சாட்சி ஒருவர் பின்வாங்கியதும் எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். தென்காசியில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் குற்றாலப் பருவ காலப் பாதுகாப்புக்கு அனுப்பப்பட்ட காவலர் ஒருவர், தென்காசிப் பேருந்து நிலையத்தில் மதுபோதையில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார். துறை விசாரணையில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். குற்றவியல் வழக்கில் அந்தப் பெண்ணும் கணவரும் பிறழ் சாட்சிகளாகிவிட்டதால் விடுதலை கிடைத்தது. அந்த விடுதலையைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் அவர் பெற்ற வெற்றியை 2012இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, பணிநீக்கத்தை உறுதிப்படுத்தியது. முக்கியச் சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைக்கும் விடுதலை, மாசற்றவர் என்று தீர்ந்து கிடைக்கும் விடுதலை ஆகாது என்பதே அதன் அடிப்படை.

நகை யாருடையது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ரப்பர்ப் பால் வெட்டப் போகும் ஒரு பெண், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைத்திருப்பாள். பணத்தைத் திரட்டிக்கொண்டு மீட்க வரும் நாளில், "உங்கள் பை காணவில்லை, ஆனால் யார் எடுத்தார் என்று ஐயமின்றி நிரூபிக்க முடியவில்லை" என்று அவளிடம் சொல்ல முடியுமா? சாவியை வைத்திருப்பவர் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அதற்காகத்தான் சாவிப் பதிவேடு என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

அதே வேளையில், விசாரணை நடத்துபவருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களைக் காட்ட வேண்டும். குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பளிக்க வேண்டும். தண்டனை முடிவு செய்வதற்கு முன் விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும் என்று 1993இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் கொடுக்கப்பட்டதா என்பதும் முக்கியம். 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம், அடுத்த 90 நாட்களுக்கு முக்கால் பங்கு, அதன் பிறகு முழு ஊதியம். அதைக் கொடுக்காததால் வழிச்செலவுக்குப் பணமின்றி ஊழியர் விசாரணைக்கு வர முடியாமல் போன ஒரு வழக்கில், அந்த விசாரணையே செல்லாது என்று 1999இல் தீர்ப்பாயிற்று. இவையெல்லாம் உங்கள் தம்பிக்கு நடந்தனவா?

தக்கலை ஆசிரியர்:

ஐயா அவர்களுக்கு என் பணிவான பதில். பிழைப்பூதியம் தாமதமாக வந்தாலும் வந்தது. அறிக்கை நகலும் கொடுத்தார்கள். அந்த வகையில் நான் குறை சொல்ல மாட்டேன். நகை வைத்தவர்களின் துயரம் எங்கள் வீட்டாருக்குத் தெரியாததல்ல. என் தம்பி மனைவியின் இரண்டு வளையல்கள் இன்று வேறோர் அடகுக் கடையில் இருக்கின்றன.

விசாரணைப் பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. 14ஆம் கேள்வி: "சாவியை ஒப்படைத்ததற்கு எழுத்து மூலமான ஆதாரம் உண்டா?" பதில்: "இல்லை. வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தேன்." அறிக்கை முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. அந்த உதவியாளரைச் சாட்சியாக அழைக்கவே இல்லை. அழைக்கும்படி தம்பியும் கேட்கவில்லை. தாயார் இறந்து நாற்பது நாள்கூட ஆகாத நேரம் அது.

சாவிப் பதிவேட்டின் ஒளிநகலும் பார்த்தேன். நீளவாட்டில் கோடிட்ட பழைய நோட்டு. நாள், நேரம், கொடுத்தவர், பெற்றவர் என்று நான்கு கட்டங்கள். விடுப்பு நாட்கள் மூன்றிலும் தம்பியின் கட்டம் வெறுமையாக இருக்கிறது. செயலாளரின் கட்டத்தில் மூன்று கையெழுத்தும் உண்டு. மூன்றும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், ஒரே உட்காரலில் போட்டவை போல என் கண்ணுக்குத் தெரிகின்றன. 30 ஆண்டுகள் பிள்ளைகளின் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவன் என்பதால் சொல்கிறேன். நான் கைரேகை நிபுணனோ கையெழுத்து நிபுணனோ அல்ல.

இரணியல் வாசகி:

நான் வேறொரு வகை மன்றத்தின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஆசிரியர் ஐயாவுக்கு அது பயன்படலாம். என் கணவர் நண்பர்கள் இருவரோடு ஒரே இருசக்கர வாகனத்தில் வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி மோதி உயிரிழந்தார். இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். எதிர்த்தரப்பின் முதல் வாதம், ஒரு வண்டியில் மூன்று பேர் வந்தார்கள், ஆகவே விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு, தொகையில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும் என்பது. மூன்று பேர் வந்தது உண்மைதான். அது விதிமீறல் என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. நானே அன்றிரவு முழுவதும் அதை நினைத்து அவர் மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வழக்கறிஞர் 2020 சனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வைத்தார். அதிலும் ஒரே வண்டியில் மூன்று பேர், பின்னாலிருந்து கார் மோதியிருந்தது. உயர் நீதிமன்றம் 10 விழுக்காடு கழித்திருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விதியை மீறியது மட்டும் பங்குக் கவனக்குறைவு ஆகிவிடாது. அந்த மீறலுக்கும் விபத்துக்கும், அல்லது அந்த மீறலுக்கும் நேர்ந்த பாதிப்புக்கும் காரணத் தொடர்பு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். எங்கள் வழக்கில் லாரி ஓட்டுநரின் வேகமும், பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லாததும், சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதிய மகசரில் இருந்தன. மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர் இருந்திருந்தாலும் அந்த லாரி அதே இடத்தில் மோதியிருக்கும். தீர்ப்பாயம் கழிவு எதுவும் செய்யவில்லை.

ஐயாவின் பதிவைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். உங்கள் தம்பி பதிவேட்டில் எழுதாதது தவறு. சரி. ஆனால் அவர் எழுதாததனால்தான் நகை காணாமற்போனதா?

தூத்தூர்க் கடலோடி:

எங்கள் கரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2012 பிப்ரவரி 15 அன்று, 'செயின்ட் ஆன்டனி' படகில் தொழிலுக்குப் போன இருவர், 'என்ரிக்கா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் கரையின் இளைஞர். படகும் நம் பகுதியைச் சேர்ந்ததுதான். சுட்டவர்கள் யார் என்பது ஊருக்கே தெரிந்திருக்க, ஒன்பது ஆண்டுகள் வழக்கு அலைந்தது.

கடல் சட்டத்துக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின்படி அமைந்த நடுவர் தீர்ப்பாயம் 2020இல் முடிவு சொன்னது. சுட்ட இத்தாலியக் கடற்படை வீரர்களுக்குச் சட்டக் காப்பு உண்டு, இந்தியா அவர்கள் மேல் குற்ற வழக்கு நடத்த முடியாது என்பது ஒரு பக்கம். ஐந்தில் மூன்று நடுவர்கள் அப்படி முடிவு செய்தார்கள். இந்தியப் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் படகுக்கு நேர்ந்த சேதத்துக்கும் ஆட்களுக்கு நேர்ந்த மன வேதனைக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது மறுபக்கம். 10 கோடி ரூபாய் வந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று ஒதுக்கி, 2021 சூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இங்கிருந்த குற்ற வழக்கை முடித்துவைத்தது.

தண்டிக்கும் அதிகாரம் இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பாயம்தான் பொறுப்பு உண்டு என்றும் சொன்னது. எங்கள் ஊரில் பலருக்கு அது இன்றும் ஆறவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டோமே என்று முதியவர்கள் கடற்கரையில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும், தண்டனையும் பொறுப்பும் தனித்தனியே எடை போடப்படுகின்றன என்பதை நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஆசிரியர் ஐயாவின் தம்பி விடுதலையானதால் தண்டத்தீர்வை தானாக விழுந்துவிடாது. அதைத் தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டும்.

குழித்துறை வழக்கறிஞர்:

இரணியல் அம்மா கேட்டதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. உள்விசாரணையைப் பொறுத்தவரை, பதிவேட்டில் எழுதாதது தானே ஒரு தவறு. நகை போனாலும் போகாவிட்டாலும் அது தவறுதான். ஆகவே அந்த முடிவை முழுமையாக உடைப்பது கடினம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அங்கே தண்டனையின் அளவைப் பற்றி வாதிடலாம். ஒரே சம்பவத்தில் சம்பந்தப்பட்ட இருவரில் ஒருவருக்குச் சிறு தண்டனையும் மற்றவருக்குப் பணிநீக்கமும் கொடுத்தால், இருவரின் பங்கும் ஒத்தது என்று காட்ட முடிகிறபோது, அந்த வேறுபாடு நிற்காது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு சாவி இல்லாமல் திறக்காத பெட்டகத்தில் செயலாளரின் பங்கு எப்படிக் குறைந்தது என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

விடுதலைத் தீர்ப்பையும் முழுமையாகப் படியுங்கள். கடைசிப் பத்தியில் "ஐயத்தின் பலனை அளித்து" என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். 2023 டிசம்பரில் இராசத்தான் காவலர் ஒருவரின் வழக்கில், அந்தச் சொற்றொடரைப் பார்க்காமல் தீர்ப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றச்சாட்டும் சாட்சிகளும் சான்றுகளும் ஒன்றாகவே இருந்து, அவற்றை ஆராய்ந்த நீதிமன்றம் குற்றச்சாட்டே பொய்த்தது என்ற முடிவுக்கு வந்திருந்தால், துறைத் தண்டனை நியாயமற்றதாகிவிடும் என்று சொல்லி, பாதி நிலுவை ஊதியத்தோடு அவரைப் பணியில் அமர்த்தியது.

தண்டத்தீர்வைக்கு வருகிறேன். அந்த இரண்டு பைகளும் கடைசியாக எப்போது பெட்டகத்தில் கண்ணால் பார்க்கப்பட்டன? நகைக்கடன் கொடுக்கும் எந்த நிறுவனத்திலும் இடையிடையே இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். பையை எடுத்து, எண்ணைப் பார்த்து, எடை போட்டுக் கையெழுத்திடுவார்கள். அப்படிப்பட்ட சரிபார்ப்பு, தம்பியின் விடுப்புக்குப் பிறகும் தணிக்கைக்கு முன்பும் நடந்திருந்து, அதில் பைகள் இருந்தன என்று பதிவாகியிருந்தால், அந்த மூன்று நாட்களுக்கும் இழப்புக்கும் தொடர்பே இல்லை. நடக்கவே இல்லை என்றால், சரிபார்க்க வேண்டியவர்களின் பொறுப்பு என்ன என்ற கேள்வி எழும். இரண்டில் எதுவானாலும் இழப்பு முழுவதையும் ஒருவர் தலையில் வைப்பது கடினமாகிவிடும்.

பழைய விசாரணை அலுவலர்:

வழக்கறிஞர் சொன்னதைப் படித்துவிட்டு என் பழைய கோப்புகளை மனத்தில் புரட்டிப் பார்த்தேன். கடமை தவறியதை நிரூபித்ததும் இழப்புக்கும் அவரே காரணம் என்று அடுத்த பத்தியில் எழுதிவிடுவது எங்களில் பலரிடம் இருந்த வழக்கம். நானும் ஒரு பண்டகசாலை விசாரணையில் அப்படி எழுதியிருக்கிறேன். இடையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது என்று அன்று எவரும் எனக்குச் சுட்டிக்காட்டவில்லை. அந்த ஊழியர் பிறகு மேல்முறையீடு செய்யவில்லை. இன்று அதை நினைத்து வருந்துகிறேன்.

உதவியாளரைச் சாட்சியாக அழைக்காதது பெரிய குறை. தம்பி கேட்கவில்லை என்றாலும், பெயர் பதிவில் வந்துவிட்ட பிறகு விசாரணை அலுவலர் தாமாகவே அழைத்திருக்க வேண்டும்.

தக்கலை ஆசிரியர்:

நேற்று நாகர்கோவிலில் எங்கள் வழக்கறிஞரைப் பார்த்து, நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்துக் காட்டினேன். தண்டத்தீர்வை ஆணையோடு இணைத்திருந்த ஆவணங்களை இருவருமாக மேசையில் பரப்பிப் பார்த்தோம். 23ஆம் பக்கத்தில் இருப்புச் சரிபார்ப்புப் பதிவேட்டின் ஒரு தாள் இருந்தது. இத்தனை ஆண்டுகள் அதை வேறு ஏதோ கணக்கு என்று நினைத்திருந்தோம். தம்பி விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பி ஏழு வாரம் கழித்து நடந்த சரிபார்ப்பு அது. "பைகள் எண்ணிக்கை சரியாக உள்ளது" என்று எழுதி, செயலாளரும் நகை மதிப்பீட்டாளரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மொத்த எண்ணிக்கையும் அதில் இருக்கிறது. கடன் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தால் அந்த இரண்டு பைகளும் அன்று உள்ளே இருந்திருக்க வேண்டும். அல்லது எண்ணாமலேயே கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

மூலப் பதிவேட்டை வரவழைக்கவும், மதிப்பீட்டாளரையும் அந்த உதவியாளரையும் விசாரிக்கவும், தண்டத்தீர்வை மேல்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டோம். தம்பியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். நெடுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு, "அண்ணா, அன்று காலையில் பெட்டகத்தைத் திறக்க என் சாவியை நான்தான் போட்டேன். பைகளை எண்ணும்போது என்னை வெளியே கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள்" என்றான். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட பிறகு இப்போதுதான் இதைச் சொல்கிறான். அந்தச் சரிபார்ப்பைப் பற்றி அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. இதையும் வாக்குமூலமாக எழுதி வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அடுத்த வாய்தா முடிந்ததும் எழுதுகிறேன்.